லயத்துக்கு ஒரு முகவரி: நாவலப்பிட்டியில் ஒரு ஜியோகேச்சிங் நடை

நாவலப்பிட்டி ரயில் நிலையத்தில் இறங்கி நின்றதும் மருமகன் சொன்ன முதல் வேலை, போனில் உயரம் பார்ப்பது. "மாமா, முதல்ல ஒசரத்தப் பாருங்க. மிச்சத்தப் பொறகு சொல்றேன்." கடல் மட்டத்திலிருந்து இந்த ஊரின் உயரம் 600 மீட்டருக்குச் சற்றுக் குறைவு. போனோ 500ஐ ஒட்டிய ஒரு எண்ணைக் காட்டியது. கிட்டத்தட்ட 100 மீட்டர் வித்தியாசம்! போனில் பழுது ஏதுமில்லை.

செயற்கைக்கோள் வழி உயரம் கணிக்கும் கருவிகள், பூமியை வழவழப்பான, சற்றே தட்டையான ஓர் உருண்டையாக வைத்துக்கொண்டு அதன் மேற்பரப்பிலிருந்து அளக்கின்றன. உண்மையான கடல் மட்டம் அப்படி வழவழப்பாக இல்லை. ஈர்ப்பு விசை கூடுகிற இடத்தில் மேடும், குறைகிற இடத்தில் பள்ளமுமாக இருக்கிறது. உலகிலேயே ஆழமான அந்தப் பள்ளம் இலங்கைக்குத் தெற்கே இந்து சமுத்திரத்தில், 100 மீட்டருக்கும் கூடுதலான தாழ்வில் இருக்கிறது. நமது தீவு முழுவதும் அந்தப் பள்ளத்தின் சரிவில்தான் கிடக்கிறது. கொழும்பு காலிமுகத் திடலில் நின்று பார்த்தால் சில செயலிகள் கடலுக்குக் கீழே 90 சொச்சம் மீட்டர் என்று காட்டுவது இதனால்தான். நல்ல செயலிகள் இந்த வித்தியாசத்தைத் திருத்திக் காட்டும். திருத்தாதவையும் இருக்கின்றன. பள்ளிக்கூடத்தில் புவியியல் படிப்பிக்கும் மருமகன், தன் மாணவர்களுக்கு எப்போதும் இந்த 100 மீட்டரிலிருந்துதான் பாடத்தைத் தொடங்குகிறார். கருவியை நம்புவதற்கு முன் அது எதை அளக்கிறது என்று கேட்கப் பழக வேண்டும் என்பது அவருடைய கொள்கை.

விடுமுறையில் தன் மாணவர்களுக்காக அவர் ஐந்து புள்ளிகள் கொண்ட ஒரு நடையை அமைத்திருந்தார். நிலையத்தில் தொடங்கி, மகாவலிக் கரையைத் தொட்டு, ஊரை ஒட்டிய ஒரு தேயிலைத் தோட்டத்துக்குள் ஏறி முடிகிற நடை. ஒவ்வொரு புள்ளியிலும் விடை கண்டுபிடித்தால்தான் அடுத்த புள்ளியின் அகலாங்கும் நெட்டாங்கும் கிடைக்கும். கடைசிப் புள்ளியில் ஒரு போத்தல். அதற்குள் ஒரு சிறு குறிப்புப் புத்தகம். கண்டுபிடித்தவர் அதில் பெயரும் திகதியும் எழுதிவிட்டு, போத்தலை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு வர வேண்டும். உலகெங்கும் லட்சக்கணக்கானோர் ஜியோகேச்சிங் என்ற பெயரில் விளையாடும் பொழுதுபோக்கு இதுதான். பிள்ளைகளோடு சேர்ந்து நடக்கவே கண்டியிலிருந்து காலைக் கோச்சியில் வந்திருந்தேன்.

இந்தப் பொழுதுபோக்கு பிறந்த நாள் துல்லியமாகத் தெரியும். அமெரிக்க இராணுவத்தின் ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் பொதுமக்களுக்கு அனுப்பிய சமிக்ஞையில் வேண்டுமென்றே ஒரு பிழை கலக்கப்பட்டிருந்தது. ஒரு புள்ளியைத் தேடினால் 100 மீட்டர் வரை தள்ளிப் போய் நிற்க நேரிடும். ஜனாதிபதி பில் கிளின்டனின் உத்தரவுப்படி 2000 மே மாதத் தொடக்கத்தில் அந்தப் பிழை நிறுத்தப்பட்டது. மறுநாளே, மே 3ஆம் திகதி, டேவ் அல்மர் என்பவர் ஓரிகன் மாநிலத்தில் போர்ட்லண்ட் நகருக்கு அருகே ஒரு வாளியைக் காட்டில் வைத்து, அதன் இருப்பிடத்தை இணையத்தில் அறிவித்தார். மைக் டீக் என்பவர் அதை முதலில் கண்டுபிடித்தார். அன்றைக்கு இதற்கெனத் தனி ஜிபிஎஸ் கருவி வேண்டியிருந்தது, விலையும் அதிகம். 2008இல் ஐபோன் 3ஜி ஜிபிஎஸ்ஸோடு வந்தது. அதன் பிறகு வந்த போன்கள் இந்த விளையாட்டை வசதி படைத்தவர்களின் கையிலிருந்து எல்லோர் கைக்கும் கொண்டுவந்தன. நாவலப்பிட்டிப் பிள்ளைகள் அன்று வைத்திருந்தவை அண்ணன் வாங்கிக் கொடுத்ததும், கொழும்பில் வேலை செய்யும் அக்கா மாற்றிக் கொடுத்ததுமான சாதாரணப் போன்கள்தான்.

எங்கள் நடை தொடங்கிய நாவலப்பிட்டி, ஒரு காலத்தில் ரயில் பாதையின் முனையாக இருந்த ஊர். கொழும்பிலிருந்து ரயில் 1867இல் கண்டிக்கு வந்தது. பேராதனையில் பிரிந்து கம்பளை வழியாக 1874இல் இங்கே எட்டியது. ஹட்டனுக்கு ஏற மேலும் பத்து ஆண்டுகள் பிடித்தன. அந்தப் பத்து ஆண்டுகளும் மலைக்கான ரயில் பாதை இங்கேதான் முடிந்தது. மேலே தோட்டங்களுக்குப் போகிற ஆளும் அரிசியும் இங்கே இறங்கி நடந்தன. மேலிருந்து கோப்பி இங்கே இறங்கி ரயிலேறியது. இங்கிருந்து ஏற்றம் 44 அடிக்கு ஓர் அடி என்ற அளவுக்குச் செங்குத்து. நீராவி எஞ்சின் காலத்தில் மேலே ஏறும் ரயிலுக்குப் பின்னால் தள்ளுவதற்கு இன்னோர் எஞ்சின் வேண்டியிருந்தது. முதல் புள்ளியில் மருமகன் கேட்டிருந்த கேள்வி இந்த ஏற்றத்தைப் பற்றியதுதான். பிள்ளைகள் நிலையத்தின் உயரத்தையும் ஹட்டனின் உயரத்தையும் வைத்துக் கணக்குப் போட்டார்கள்.

விடை கிடைத்ததும் அடுத்த புள்ளியைப் போனில் பதிய வேண்டும். அதிகம் வழி தவறுவது இந்த இடத்தில்தான், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். ஜியோகேச்சிங் உலகில் இடத்தைப் பாகையும் கலையுமாக எழுதுவார்கள். கூகுள் மேப்ஸ் போன்றவை பாகையைத் தசமத்தில் காட்டும். நாவலப்பிட்டியின் அகலாங்கு ஏறத்தாழ 7.05 பாகை. அது 7 பாகை 3 கலை. 7 பாகை 5 கலை என்று பதிந்தால் இரண்டு கலை கூடிவிடும். ஒரு கலை 1.85 கிலோமீட்டர். ஊரை விட்டு வடக்கே மூன்றரைக் கிலோமீட்டருக்கு மேல் போய் நின்று தேடிக்கொண்டிருப்பீர்கள். தசமத்தில் எழுதும்போது ஐந்தாவது இலக்கம் ஏறத்தாழ ஒரு மீட்டரைக் குறிக்கும். அதற்கு மேல் எழுதுகிற இலக்கங்களைச் சாதாரணப் போனால் அளக்க முடியாது.

அடுத்தது சிக்னல். தோட்டத்துக்குள் ஏறியதும் தொலைபேசிக் கோபுரத்தின் கோடுகள் ஒவ்வொன்றாகக் குறைந்து இல்லாமல் போயின. இனி வேலை செய்யாது என்று நினைத்து ஒரு பிள்ளை போனைப் பைக்குள் வைக்கப் போனாள். ஜிபிஎஸ்ஸுக்கு சிம் அட்டையும் வேண்டாம், டேட்டாவும் வேண்டாம். ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்கள் அனுப்புவதைப் போன் கேட்டுக்கொள்கிறது, அவ்வளவுதான். குறைந்தது நான்கைக் கேட்டால் இடத்தைக் கணித்துவிடும். டேட்டா இருந்தால் எந்தக் கோள் எங்கே இருக்கிறது என்ற விவரம் நொடியில் இறங்கிவிடும். இல்லையென்றால் அதையும் கோள்களிடமிருந்தே கேட்டுப் பெற வேண்டும். அதற்கு அரை நிமிடத்திலிருந்து பத்துப் பன்னிரண்டு நிமிடம் வரை பிடிக்கலாம். ஆகவே ஊருக்குள் சிக்னல் இருக்கும்போதே செயலியைத் திறந்து இடத்தைப் பிடித்துக்கொண்டு, வரைபடத்தையும் முன்கூட்டி இறக்கிக்கொண்டு மலையேற வேண்டும். ஓபன்ஸ்ட்ரீட்மேப்பை வைத்து இயங்கும் ஓஸ்ம்அண்ட், ஓர்கானிக் மேப்ஸ் போன்ற செயலிகள் இதற்கு உதவும். ஆண்ட்ராய்ட் வைத்திருப்போருக்கு சி:ஜியோ என்ற இலவசச் செயலி இருக்கிறது. ஃபிளைட் மோடில் போட்டாலும் ஜிபிஎஸ் ஓடும். பற்றரியும் மிஞ்சும்.

இன்றைய போன்கள் அமெரிக்க ஜிபிஎஸ்ஸை மட்டும் கேட்பதில்லை. ரஷ்யாவின் குளோனாஸ், ஐரோப்பாவின் கலிலியோ, சீனாவின் பெய்டோ எல்லாவற்றையும் கேட்கின்றன. இந்தியாவின் நாவிக் அமைப்பின் எல்லைக்குள் இலங்கையும் வருகிறது, சில போன்கள் அதையும் கேட்கும். 2018க்குப் பிறகு வந்த சில போன்கள் இரண்டு அலைவரிசைகளில் கேட்டு, பாறையில் பட்டுத் திரும்பிவரும் சமிக்ஞையைப் பிரித்தறிகின்றன. திறந்த வெளியில் சாதாரணப் போனின் பிழை ஏறத்தாழ ஐந்து மீட்டர். மலை மடிப்புக்குள்ளோ அடர்ந்த மரத்தடியிலோ அது பல மடங்காகும். மூன்றாவது புள்ளி ஒரு பள்ளத்தில் இருந்தது. ஒரு குழுவின் போன் இடப்பக்கம் காட்டியது, இன்னொன்று கானுக்கு அந்தப் பக்கம் காட்டியது. மருமகன் சொல்லிக்கொடுத்த வழி எளிமையானது. இருபது முப்பது மீட்டர் தள்ளிப் போய், அம்பு காட்டும் திசையில் நேராக நடந்து வாருங்கள். பிறகு வேறொரு பக்கத்திலிருந்தும் அதேபோல வாருங்கள். இரண்டு கோடுகளும் எங்கே வெட்டுகின்றனவோ அங்கே போனைப் பைக்குள் போட்டுவிட்டுக் கண்ணால் தேடுங்கள். ஒளிப்பவரும் ஒரே தடவையில் அளந்துவிடக் கூடாது. வெவ்வேறு நேரங்களில் அளந்து சராசரி எடுக்க வேண்டும். தண்டவாளத்துக்கும் இரும்புத் தகரத்துக்கும் பக்கத்தில் போனின் திசைகாட்டி தடுமாறும். கையில் பிடித்து எட்டு வடிவில் சுழற்றினால் திரும்பச் சீராகும்.

நான்காவது புள்ளியை நாங்கள் தேடிக்கொண்டிருந்தபோது கொழுந்து பறித்துக்கொண்டிருந்த அக்காமார் கூடையோடு நின்று பார்த்தார்கள்.

"என்னங்கய்யா, எதுவும் தொலைச்சிட்டீங்களா?"

"இல்லக்கா, சார் ஒரு போத்தல் ஒளிச்சு வச்சிருக்காரு" என்றான் ஒரு பையன்.

"போத்தலா? நேத்துச் சாயங்காலம் ஒங்க சாரு அந்தா மேட்டு லயத்துக்கு மேல, சவுக்கு மரத்துகிட்ட குனிஞ்சுகிட்டு நின்னாரே!"

ஐந்தாவது புள்ளி அங்கேயே வெளியாகிவிட்டது. பிள்ளைகளுக்கு ஏமாற்றம். எனக்கு அது இந்த நாட்டில் இந்த விளையாட்டை எப்படி ஆட வேண்டும் என்பதற்கான பாடமாகப் பட்டது. தோட்டத்தில் யாரும் காணாமல் எதையும் வைக்க முடியாது. காணாமல் வைக்க முயல்வதும் தவறு. புதையல் தோண்டப் போனவர்கள் கைது என்ற செய்தியை நாம் அடிக்கடி படிக்கிறோம். அனுமதியின்றித் தொல்பொருள் தேடித் தோண்டுவது 1940ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டப்படி குற்றம். ஜியோகேச்சிங்கின் அடிப்படை விதியும் மண்ணைத் தோண்டாதே என்பதுதான். ஆனாலும் போனைப் பார்த்துக்கொண்டு பாறையடியில் தடவும் நான்கு பேரைத் தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு அந்த விதி தெரியாது. 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு குண்டுத் தாக்குதல்களுக்குப் பிறகு இந்த நாட்டில் ஆளில்லாமல் கிடக்கும் ஒரு பெட்டி யாரையும் பதறச் செய்யும். அதில் நியாயம் இருக்கிறது. இங்கிலாந்தின் வெதர்பி என்ற சிற்றூரில் 2011இல் இப்படி வைக்கப்பட்ட ஒரு பெட்டியைக் குண்டு என்று எண்ணி வெடிவைத்து அழித்தார்கள்.

மருமகன் வைத்திருந்தது உள்ளே இருப்பது வெளியே தெரியும் போத்தல். அதன்மேல் தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் விவரம் ஒட்டியிருந்தார். தோட்டத்து ஆபிஸில் எழுத்தில் அனுமதி வாங்கியிருந்தார். தொழிலாளர் குடும்பங்கள் வாழும் வரிசை வீடுகளான லயங்களின் பெரியவர்களிடமும் சொல்லியிருந்தார். நடை முடிந்ததும் போத்தலைக் கையோடு எடுத்துக்கொண்டு போனார். கோயில், பள்ளிவாசல், விகாரை, பாலம், ரயில் பாதை, படைமுகாம் இவற்றின் பக்கம் எதையும் வைக்கவே கூடாது என்பது அவர் வகுத்த விதி. என் கருத்து இன்னும் கடுமையானது. இலங்கையில் பெட்டி வைக்காத வகையே போதும். எர்த்கேச் என்றொரு வகை உண்டு. அங்கே போத்தலும் இல்லை, புத்தகமும் இல்லை. குறித்த இடத்துக்குப் போய், அங்குள்ள பாறையையோ அருவியையோ பார்த்து, கேள்விக்கு விடை எழுதி அனுப்ப வேண்டும். நாவலப்பிட்டியிலிருந்து ரயிலில் இங்குருஓயா தாண்டிப் போனால் கலபொட அருவி இருக்கிறது. மலையகத்தின் பாறைகள் மிகப் பழைமையான உருமாறிய பாறைகள். அவற்றைப் படிக்கப் பெட்டி எதற்கு?

ஐந்தாவது புள்ளிக்கு ஏறிப் போனோம். சவுக்கு மரத்துக்குப் பக்கத்தில் ஒரு சமதரை. அங்கே உட்கார்ந்திருந்த முதியவர் ஒருவர், அது ஒரு காலத்தில் பிரட்டுக்களமாக இருந்தது என்றார். விடியற்காலையில் பேர் கூப்பிட்டு மலை பிரித்துக் கொடுத்த இடம். போன் வரைபடத்தில் அந்த இடம் வெறும் பச்சை. அதற்குக் கீழே இருந்த லயமும் இல்லை, மாரியம்மன் கோயிலும் இல்லை, பிள்ளை மடுவம் என்ற குழந்தைக் காப்பகமும் இல்லை. தோட்டத்தின் ஆங்கிலப் பெயர் மட்டும் ஒரு மூலையில் இருந்தது. இலங்கையில் நில அளவைத் திணைக்களம் தொடங்கியது 1800 ஓகஸ்ட் 2ஆம் திகதி. தோட்ட எல்லைகளை அடி அங்குலமாக அளந்து வைத்திருக்கும் நாடு இது. அந்த எல்லைக்குள் ஆறேழு தலைமுறையாக வாழ்கிறவர்களில் பெரும்பாலோரின் வாசற்படிக்கு மட்டும் இன்னும் இலக்கம் இல்லை.

நாவலப்பிட்டிக்கு வரும் வழியில் கம்பளையைத் தாண்டித்தான் வந்தேன். அங்கே சின்னப்பிட்டியில்தான் 1820களில் ஜோர்ஜ் பேர்ட் பெரிய அளவில் கோப்பி பயிரிடத் தொடங்கினார். அந்தத் தோட்டத்துக்காகத் தென்னிந்தியாவிலிருந்து ஆட்கள் அழைத்துவரப்பட்டதே மலையகத் தமிழரின் தொடக்கமாகக் கொள்ளப்படுகிறது. 200 ஆண்டு நிறைவை ஒட்டி 2023 ஜூலை 28ஆம் திகதி தலைமன்னாரில் புறப்பட்டு ஓகஸ்ட் 12ஆம் திகதி மாத்தளையில் முடிந்த நடைபவனி, அந்த முதல் தலைமுறைகள் நடந்து வந்த பாதையைத் திரும்ப மிதித்தது. அந்தப் பாதையின் ஒவ்வொரு தங்குமிடத்தையும் புதைகுழியையும் கிணற்றையும் போனில் குறித்து வைக்க இன்று வழி இருக்கிறது. பார்க்க வருபவர்களுக்கு வழிகாட்டியும் அதுவே ஆகும்.

வரலாற்றை விட அவசரமானது தபால். தோட்டத்தில் பெரும்பாலான வீடுகளுக்குத் தனி முகவரி கிடையாது. தோட்டத்தின் பெயர், பிரிவின் பெயர், ஆளின் பெயர், அவ்வளவுதான். கடிதம் தோட்டத்து ஆபிஸுக்குப் போய், அங்கிருந்து யாராவது எடுத்துவந்து கொடுத்தால் உண்டு. ஒரே பிரிவில் ஒரே பெயரில் மூன்று பேர் இருப்பார்கள். நேர்முகப் பரீட்சைக்கு வரச்சொன்ன கடிதம் நாள் கடந்து கைக்கு வந்த கதை எந்த லயத்தில் கேட்டாலும் ஒன்று இருக்கும்.

கூகுள் உருவாக்கி எல்லோருக்கும் திறந்துவிட்ட பிளஸ் கோட் என்ற முறையில், அகலாங்கையும் நெட்டாங்கையும் பத்து எழுத்தில் சுருக்கிவிடலாம். அந்தப் பத்து எழுத்து ஏறத்தாழ 14 மீட்டர் சதுரத்தைக் குறிக்கும். பதினொன்றாவது எழுத்தைச் சேர்த்தால் மூன்று மீட்டர் அளவுக்கு இறங்கும். இந்தியாவில் கொல்கத்தாவின் சேரிகளில் ஒரு தொண்டு நிறுவனம் இந்த முறையில் வீடுகளுக்கு முகவரி ஒட்டிக்கொடுத்திருக்கிறது. லயத்தில் ஒட்டியொட்டிப் பத்து வீடுகள் இருக்கின்றன, அதனால் குறியீட்டோடு வீட்டு இலக்கமும் சேர வேண்டும். தபால் திணைக்களமும் பிரதேச சபையும் ஏற்றுக்கொள்ளும் வரை அது சட்டப்படி முகவரி ஆகாது என்பதும் உண்மை. ஆனால் ஆபத்து நேரத்தில் யாருடைய அங்கீகாரமும் தேவையில்லை. 1990 சுவசெரிய அம்பியூலன்ஸை அழைக்கும்போது "மேட்டு லயம், சவுக்கு மரத்தடி" என்று சொன்னால் சாரதிக்கு விளங்காது. அகலாங்கும் நெட்டாங்கும் சொன்னால் விளங்கும். குளவி கொட்டி மயங்கி விழும் தொழிலாளிக்கும், அடைமழையில் மண்சரிவுக்குப் பயந்து இரவில் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117க்கு அழைக்கும் குடும்பத்துக்கும் அந்த இரண்டு எண்கள் உயிர். வட்டவளை, கினிகத்தேனைப் பக்கம் நாட்டிலேயே அதிக மழை பெய்யும் இடங்கள். அங்கே இது வீண் பேச்சல்ல.

அன்று பிள்ளைகளுக்கு மருமகன் கொடுத்த கடைசி வேலை அந்த எண்களைப் பற்றியதுதான். போத்தலைக் கண்டுபிடித்துப் பெயர் எழுதியானதும், ஒவ்வொருவரும் தங்கள் வீட்டு வாசலில் நின்று எண்களைக் குறித்துக்கொண்டு மறுநாள் வரவேண்டும். தேடிக் கண்டுபிடிக்கப் பழகிய பிள்ளை, தன்னைக் கண்டுபிடிக்கச் செய்யவும் பழகுகிறது. இந்தப் பொழுதுபோக்கை நான் மலையகத்துக்கு விரும்பி அழைப்பது இதற்காகவே. ஒரு எச்சரிக்கையும் உண்டு. போனில் எடுக்கும் படத்துக்குள் இடத்தின் எண்களும் ஒளிந்திருக்கும். வீட்டுப் படத்தை, குறிப்பாகப் பெண்பிள்ளைகள் இருக்கும் வீட்டின் படத்தை, ஊரறியப் போடும் முன் அந்த விவரத்தை நீக்கிவிடுங்கள். வீட்டின் எண்கள் வீட்டாரின் கையிலும் அவர்கள் நம்பும் ஆட்களின் கையிலும் மட்டும் இருக்கட்டும்.

நாவலப்பிட்டி போகிறவர்கள் ஆனி, ஆடி மழையைத் தவிர்த்து, தை மாசியில் போங்கள். அட்டைக்குச் சவர்க்காரமும் உப்பும், போனுக்கு ஒரு பொலித்தீன் பையும் கொண்டு போங்கள். தேயிலை மலைக்குள் இறங்கும் முன் ஆபிஸில் ஒரு வார்த்தை சொல்லுங்கள். மலையகத்தில் படிப்பிக்கும் ஆசிரியர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த விடுமுறையில் உங்கள் பிள்ளைகளோடு இப்படி ஒரு நடை வையுங்கள். முடிவில் ஒவ்வொரு லயத்தின் எண்களையும் ஒரு தாளில் எழுதி, பிரதிகள் எடுத்து, ஒன்றைத் தோட்டத்து வைத்தியசாலையிலும் ஒன்றைக் கிராம உத்தியோகத்தரிடமும் ஒன்றைத் தபாலகத்திலும் கொடுங்கள்.